மூன்று தட்டு, அப்புறம் ஒன்று

என் தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஆளாளுக்கு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு 'பாவம்' என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பத்தோரு வயது வரை வாழ்ந்தவன், இருபத்து நான்கு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவன், ஒரு நாள்கூட லேட்டாகப் போகாதவன். அவனா பாவம்? அவன் பாட்டுக்குச் சாப்பிட்டான், சிரித்தான், படுத்தவுடன் தூங்கினான். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தது நான். பாவம் பார்க்க வேண்டுமென்றால் என்னைப் பாருங்கள்.

அவன் பிறந்து மூன்றாம் நாளே டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். மூளை வளர்ச்சி இவ்வளவுதான், இதயத்தில் ஓட்டை, இருபது வயது தாண்டுவது கஷ்டம். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வந்தவள்தான், அப்புறம் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவன் பத்தொன்பதை முடித்த வருடம் முழுக்க அம்மா அவன் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வந்தது, இருபத்தொன்று வந்தது. அந்த டாக்டர்தான் போய்ச் சேர்ந்தார். இவன் கல்லுக்குண்டு மாதிரி இருந்தான்.

அவனுக்கு முப்பத்தொன்று நடக்கும்போது அம்மா போனாள். அண்ணன் வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் விசனப்பட வேண்டாம், நானே படவில்லை. நான் வேலைக்குப் போகிறவள், வீட்டில் தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று அண்ணன் ஒரு காப்பகத்தில் பேசி அவனைச் சேர்த்துவிட்டான். கெட்ட இடம் என்று சொல்ல மாட்டேன். சுத்தமாகத்தான் இருந்தது. பதினேழாம் நாள் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சொந்தச் சட்டையின் நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "கண்ணு" என்று கூப்பிட்டேன். திரும்பினான், ஆனால் பேசவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்தும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. என் உயிர் இருக்கிற வரைக்கும் இவனை இனி எங்கும் அனுப்ப மாட்டேன் என்று அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

அண்ணன் நிதானமான ஆள். "சரி. உன் உயிர் போனப்புறம்?" என்றான்.

அந்தக் கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. பஸ்ஸில் ஏறும்போது, அடுப்பைப் பற்றவைக்கும்போது, லேசாகத் தலை சுற்றினால்கூட அந்தக் கேள்விதான். காப்பகத்தின் விண்ணப்பப் படிவம் ஒன்றை அண்ணன் அனுப்பிவைத்தான். கையெழுத்து இடத்தை மட்டும் விட்டு மற்றதெல்லாம் அவனே நிரப்பியிருந்தான். அது என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. கிழித்துப் போட எனக்குத் தைரியமில்லை. தினமும் விளக்கை அணைக்கும்போது மனதுக்குள் ஒன்று கேட்டுக்கொள்வேன். எனக்கு ஒரே ஒரு நாள் முன்னால் இவன் போய்விட வேண்டும். கூடப்பிறந்தவள் கேட்கிற வரமா இது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டேன்.

நான் பெரிய ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் கவுண்டரில் இருந்தேன். அதே கட்டடத்தில் தரைக்குக் கீழே சலவைப் பிரிவு. அம்மா இருந்தபோதே, அவனுடைய இருபத்தேழாவது வயதில், கைகாலில் விழாத குறையாகக் கெஞ்சி அங்கே மடிப்பு மேஜையில் அவனைச் சேர்த்துவிட்டிருந்தேன். மெஷினிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை மடித்து, பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். அவனுக்கு நாலுக்கு மேல் எண்ண வராது. சுட்டுப்போட்டாலும் வராது. அங்கே சூப்பர்வைசரம்மா என்று ஒரு புண்ணியவதி. ஒரு மரக்குச்சியில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தாள். "கோடு வரைக்கும் வந்தா நிறுத்து, வேற அடுக்கு ஆரம்பி" என்றாள். அவ்வளவுதான் பாடம். அதற்கப்புறம் அவன் அடுக்கில் ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை.

மடிப்பதற்கு அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. மூலையோடு மூலை சேர்ப்பான், பாதியாக, மறுபடி பாதியாக. உள்ளே இருக்கும் காற்றுப் போக உள்ளங்கையால் மூன்று தட்டு. அடுக்கின் மேல் வைத்துவிட்டு ஒரு தட்டு. டப் டப் டப். டப். எத்தனை வருடம் பார்த்தாலும் இதில் மாற்றமே இருக்காது. அடுத்தவர்கள் மடித்தது கோணலாக இருந்தால் கூசாமல் பிரித்துப் போட்டுவிடுவான். "இது சரியில்ல. மறுபடி." அதனால் அங்கே எல்லோரும் அவனை 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை நிஜ மேனேஜர் கீழே இறங்கி வந்தபோது பாய்லர்காரர், "எல்லாரும் ஒழுங்கா நில்லுங்க, மேனேஜர் வர்றார்" என்றாராம். இவன் மேஜையிலிருந்து எழுந்து நின்று, "நான் இங்கதான் இருக்கேன்" என்றானாம்.

அவனுக்கு ஒரு மணிக்கு வேலை முடியும். சாப்பாட்டு இடைவேளையில் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருவேன். வழியில் இரண்டு பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். என் விரல் நசுங்கும்படி பிடித்துக்கொள்வான். வீட்டில் விட்டுவிட்டு நான் திரும்பிப் போனால் ஐந்தரைக்குத்தான் வருவேன். அந்த நாலு மணி நேரம் அவன் தனியாக இருப்பான். அந்த நாலு மணி நேரத்தில்தான் என் பாதித் தலை நரைத்தது.

ஒரு நாள் வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது, டிவி இருந்த இடத்தில் தூசிதான் இருந்தது.

"டிவி எங்கடா?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு. அந்த அண்ணன் எடுத்துட்டுப் போனார்."

"எந்த அண்ணன்?"

"நல்ல அண்ணன். டிவி கனமா இருந்துச்சுக்கா. நான் ஒரு பக்கம் புடிச்சேன். படியில பாத்துப் போங்கன்னு சொன்னேன். தண்ணி குடுத்தேன்."

திருடனுக்குத் தண்ணீரும் கொடுத்து, சாமானைக் கீழே வரை தூக்கியும் கொடுத்து அனுப்பிய ஒரே ஆள் உலகத்திலேயே என் தம்பியாகத்தான் இருக்கும். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டேன். டிவி போனால் மயிரே போச்சு. அந்தத் தடியன் இவனை ஒரு தட்டு தட்டியிருந்தால்?

மறுநாளிலிருந்து வெளியில் பூட்டிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் கீழே பெயின்ட் கடையில் ஏதோ பற்றி மாடிப்படி முழுக்கப் புகை. யாரோ கவுண்டருக்குப் போன் செய்தார்கள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் அவன் இருமுவது கேட்கிறது, சாவி துளையில் இறங்க மாட்டேன் என்கிறது. அன்றோடு பூட்டைத் தூக்கி எறிந்தேன். இனி தாழ்ப்பாள் உள்ளே, அவன் கையில். ஆனால் யாருக்குத் திறப்பது என்பதை அவன் படித்தாக வேண்டும்.

அதற்கு அவனுடைய தட்டையே எடுத்துக்கொண்டேன். மூன்று, கொஞ்சம் விட்டு ஒன்று. விதிகளும் மூன்றே மூன்று. அந்தத் தட்டு கேட்டால்தான் திறக்க வேண்டும். கதவைத் திறந்துபோட்டு விட்டுப் போகக் கூடாது. தனியாக வெளியே போகவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பரீட்சை. அவனை உள்ளே விட்டு நான் வெளியே நின்று விதவிதமாகத் தட்டுவேன். குரலை மாற்றி, "தம்பி, தபால் வந்திருக்கு" என்பேன். "உங்க அக்காவுக்கு அடிபட்டிடுச்சு, சீக்கிரம் திற" என்பேன். இரண்டு மாதத்தில் தேறிவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். என் புத்தி விட்டதா? எவனாவது என் கழுத்தில் கத்தியை வைத்து, கூப்பிடுடி உன் தம்பியை என்றால்? அதற்கும் பரீட்சை வைத்தேன். என் சொந்தக் குரலில், "டேய், அக்காதான்டா, திற" என்பேன். பாவி உடனே திறந்துவிடுவான். நான் குதிப்பேன். "அக்கா சொன்னா திறப்பியா? திருடனும் அக்கா மாதிரியே பேசுவான். தட்டு கேட்டாத்தான். நானே சொன்னாலும் திறக்காத, புரியுதா?" கண்ணில் தண்ணீர் நிற்க நின்றுகொண்டிருப்பான்.

எதிர்வீட்டில் ஒரு டீச்சர், தனியாக இருப்பவர். எங்கள் மாடியில் இரண்டே வீடு. ஒரு ஞாயிறு மனசு கேட்காமல் வெளியே வந்து, "அக்காதான்பா, நான் பாக்கறேன்ல, திற" என்று சொல்லிவிட்டார். அவனும் திறந்துவிட்டான். எனக்கு வந்ததே கோபம். "டீச்சர், உங்க பாடத்தை உங்க பள்ளிக்கூடத்தோட வச்சுக்குங்க. எங்க வீட்டு விஷயத்துல இனிமே தலையிடாதீங்க" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் என்ன கூச்சல் கேட்டாலும் டீச்சர் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு வழியாக அவனுக்கு அது பதிந்தது. அவனுக்கு ஒன்று பதிவதுதான் கஷ்டம். பதிந்துவிட்டால் கடப்பாரை போட்டாலும் எடுக்க முடியாது.

அவனுக்கு நாற்பத்தேழு, எனக்கு ஐம்பத்து நான்கு. அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். காலை எட்டு மணி இருக்கும். குளியலறையில் பக்கெட்டுக்குக் குழாயைத் திறந்துவிட்டு சோப்பை எடுக்கத் திரும்பினேன். கால் வழுக்கியது தெரிந்தது. அடுத்தது நான் தரையில் கிடந்தேன், இடுப்புக்குக் கீழே உடம்பு என்னுடையதாகவே இல்லை. அசைந்தால் உயிர் போகிற வலி. கதவு உள்ளே தாழ். தாழ்ப்பாள் தலைக்கு மேலே. குழாய் எட்டாத தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன சத்தம்?"

"கண்ணு, அக்கா விழுந்துட்டேன். பயப்படாத. நீ போய் வாசக்கதவத் திறந்து டீச்சரக் கூப்பிடு. ஓடு."

காலடி நகரவில்லை.

"தட்டலையே."

"என்னது?"

"மூணு தட்டல. அப்புறம் ஒண்ணும் தட்டல. திறக்க மாட்டேன்." குரலில் பெருமை வழிந்தது. "இது பரீட்சைதானக்கா? நான் ஏமாற மாட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது, அது தண்ணீரால் இல்லை. "டேய், பரீட்சை இல்லடா, நிஜம்டா, அக்காவுக்கு வலிக்குதுடா" என்று கதறினேன். திட்டினேன். கெஞ்சினேன். அழுதேன். அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பொறுமையாகப் பதில் சொன்னான். "திருடனும் அக்கா மாதிரி பேசுவான். நீதான சொன்ன."

ஒன்பதரை வாக்கில் வாசல் மணி அடித்தது. டீச்சர்! என் உயிர் திரும்பி வந்தது.

"என்னப்பா, காலையிலேயே ஒரே சத்தம்?" வாசலிலிருந்து டீச்சர் குரல்.

"அக்கா பரீட்சை வைக்கறா. தட்டு வரல. திறக்க மாட்டேன்."

"டீச்சர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "திறக்கச் சொல்லுங்க!" குளியலறை பின்பக்கம். பக்கெட் நிறைந்து தண்ணீர் தரையில் கொட்டும் இரைச்சல் வேறு. டீச்சர் அப்புறம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க 'திற'ன்னு கத்தினது கேட்டுச்சுங்க. உள்ள இருந்து ஏதோ புதுப் பாடம் நடத்தறீங்கன்னு நினைச்சேன். நடுவுல பூந்தா அன்னைக்கு மாதிரி கோவிச்சுக்குவீங்களேன்னு போயிட்டேன்." அன்று காலை மகள் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். படி இறங்குகிற செருப்புச் சத்தம் என் காதில் விழுந்தது. ஞாயிறு, கீழே கடைகளும் இல்லை. நான் கட்டிய கோட்டையில் நானே மாட்டிக்கொண்டேன்.

தண்ணீர் கதவுக்கு அடியில் வழிந்து அவன் காலை நனைத்திருக்க வேண்டும். "அக்கா, உனக்குக் குளிருதா?" என்றான். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக ஒரு போர்வை வந்தது. தட்டையாக, பட்டையாக, அந்தச் சந்துக்கு என்றே அளவெடுத்த மாதிரி மடித்துத் தள்ளினான். அப்புறம் ஒரு துண்டு. அப்புறம் என் சால்வை. ஒவ்வொன்றையும் தள்ளுமுன் அந்தப் பக்கம் டப் டப் டப் கேட்கும். மத்தியானம் ஒரு பிரெட் துண்டு நசுங்கி வந்தது, ஜாம் தரையைத் துடைத்துக்கொண்டு. "சாப்பிடுக்கா" என்றான். இவ்வளவு செய்கிறவனுக்குக் கதவைத் திறக்க மட்டும் மனசு வரவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அப்புறம் அவன் மேல் ஆத்திரப்பட என்ன இருக்கிறது என்று அழுகை வந்தது.

அவனுக்குத்தான் மூளை வளரவில்லை. எனக்கு வளர்ந்து என்ன பிரயோசனம்? நாலு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு அந்த யோசனையே வந்தது. கைக்கு எட்டிய குவளையை எடுத்துக் கதவில் தட்டினேன். மூன்று. அப்புறம் ஒன்று.

"வந்துட்டேன்க்கா!" தடதடவென்று வாசலுக்கு ஓடினான். தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. கதவைச் சாத்தினான், தாழ் விழுந்தது. திரும்பி வந்தான்.

"அக்கா, நீ வெளியில இல்ல."

"நான் உள்ள இருக்கேன்டா!"

"உள்ள இருந்தா ஏன் தட்டின?"

மறுபடி தட்டினேன். மறுபடி ஓடினான், திறந்தான், பார்த்தான், சாத்தினான். "திறந்து போட்டுட்டு வாடா" என்றேன். "திறந்து போடக் கூடாது" என்றான். "வெளிய போய் யாரையாவது கூப்பிடுடா" என்றேன். "தனியாப் போகக் கூடாது" என்றான். மூன்று விதியும் முழுசாக ஞாபகம். இப்படி ஒரு மாணவன் எந்த வாத்தியாருக்கும் கிடைக்க மாட்டான்.

மூன்றாவது தடவை தட்டும்போது குவளை கையிலிருந்து நழுவி உருண்டு போனது. அதற்கப்புறம் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நாக்கு புரளவில்லை. "அக்கா" என்றான். கேட்டது. "அக்கா, அக்கா" என்றான். அதுவும் கேட்டது. என்னால் 'ம்' சொல்லக்கூட முடியவில்லை.

அப்போது அவன் கதவைத் தட்டினான். டப் டப் டப். கொஞ்சம் விட்டு, டப்.

காத்திருந்தான். மறுபடி தட்டினான், இன்னும் பலமாக. மூன்று, ஒன்று. அவன் மூச்சு வாங்குவது கதவுச் சந்தில் கேட்டது. அதற்கப்புறம் ஈரக் காலடி வாசல் பக்கம் போனது. தாழ் விலகியது. கதவு சுவரில் போய் மோதியது. படியில் காலடிச் சத்தம், கீழே, இன்னும் கீழே.

போய்விட்டான். தனியாக.

இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கண் முன்னால் அந்த இரண்டு ரோடுகள்தான். பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்றுகூட அவனுக்குப் பார்க்கத் தெரியாது. அவன் பார்ப்பது என் கையைத்தான். தினமும் விளக்கை அணைக்கும்போது நான் கேட்ட வரம் ஞாபகம் வந்தது. எனக்கு ஒரு நாள் முன்னால் என்று கேட்டேனே. இப்படியா? நடுரோட்டில், கையைப் பிடிக்க ஆளில்லாமல், என்னைத் தேடிப் போயா? வேண்டாம், நான் கேட்டதெல்லாம் பொய், திருப்பி எடுத்துக்கொள் என்று யாரிடம் என்று தெரியாமல் மன்றாடினேன். அவன் காப்பகத்தில்கூட இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக நினைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீட்டுக்குள் நாலைந்து காலடி கேட்டது. "எந்தக் கதவு மேனேஜர்?" என்று பாய்லர்காரர் குரல். "இது. தட்டினேன். திறக்கல." கதவு உடைந்தது. முதலில் தெரிந்தது அவன் கால்தான். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

நடந்ததைச் சூப்பர்வைசரம்மா அப்புறம் சொன்னாள். ஞாயிறு பாதிப் பேர்தான் வேலையில் இருந்தார்களாம். இவன் முழங்கால் வரை ஈரமாக வந்து நேராகத் தன் மேஜைக்குப் போய், வெறும் மேஜையில் மூன்று தட்டி, விட்டு ஒன்று தட்டினானாம். "என்னப்பா, லீவு நாள்ல வந்திருக்க? அக்கா எங்க?" என்று கேட்டிருக்கிறாள். "தட்டினேன். அக்கா திறக்கல" என்றானாம். "வெளிய போயிருப்பாங்க" என்று பாய்லர்காரர் சொல்ல, இவனுக்குக் கோபம் வந்துவிட்டதாம். "தட்டினா திறக்கணும். அக்கா திறக்கல. இது சரியில்ல." சூப்பர்வைசரம்மாவுக்குச் சுருக்கென்றிருக்கிறது. மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள்.

படுக்கையில் கண் திறந்ததும் நான் கேட்டது ஒன்றுதான். "ரோட்டை எப்படிடா தாண்டின?"

"கைய நீட்டினேன்."

"அப்புறம்?"

"ஒரு மாமா புடிச்சார். அந்த ரோட்டுல ஒரு அக்கா புடிச்சா." இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். "நீ கைய நீட்டினா புடிக்க மாட்டாங்களா?"

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

இடுப்பில் ஆபரேஷன், இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரி. அண்ணன் புறப்பட்டு வருகிறேன் என்றான். எதற்கென்று எனக்குத் தெரியும். படிவத்தில் கையெழுத்து வாங்க. மறுப்பதற்கு எனக்கு வாயில்லை. அவன் சொன்ன மாதிரியே நடந்துவிட்டதே. நான் ஒரு தடவை விழுந்தேன், எல்லாம் விழுந்துவிட்டது.

ஆனால் அந்த இருபத்து மூன்று நாளும் தம்பி சொந்த வீட்டில்தான் இருந்தான். டீச்சருக்கு அந்தத் தட்டைச் சொல்லிக் கொடுத்தேன். காலையில் தட்டி எழுப்பிச் சாப்பாடு கொடுப்பார், ராத்திரி தட்டிப் பார்த்துவிட்டுப் படுப்பார். ரோட்டில் சூப்பர்வைசரம்மா கூட்டிப் போனாள், கூட்டி வந்தாள். அண்ணன் பெட்டியோடு வந்து வாசலில் நின்று, மனுஷர்கள் தட்டுகிற மாதிரி தட்டியிருக்கிறான். உள்ளேயிருந்து, "தட்டு வரல" என்று பதில். "டேய், நான் உன் அண்ணன்டா." "அண்ணன்தான் டிவி எடுத்துட்டுப் போனார்." டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வரும் வரை, படியில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான் பெரிய மனுஷன்.

நாலு நாள் இருந்தான். எல்லாவற்றையும் பார்த்தான். படிவத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தவன், கிளம்பும் அன்று என் படுக்கையருகே வந்து, "அத அப்படியே அங்க வச்சிருக்கேன். அவசரமில்ல" என்று மட்டும் சொன்னான். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியபோது அது மேஜை மேல் இல்லை. ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் இருந்தது, மூலையோடு மூலை சேர்த்து அழகாக எட்டாக மடித்து. மேஜை இன்றுவரை ஆடவில்லை.

அதற்கப்புறம் நாலு வருடம். ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு மடிப்பு மேஜையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அங்கே ஸ்ட்ரெச்சர் ஏது? துணித் தள்ளுவண்டியில் படுக்கவைத்துப் பாய்லர்காரர் தள்ளிக்கொண்டு மேலே ஓடினார். நான் கவுண்டரிலிருந்து கைத்தடியோடு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே ஓட்டை.

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. எனக்கு முன்னால் போனான், ரொம்ப நோகாமல் போனான், அவனை மேனேஜர் என்று கூப்பிடுகிறவர்கள் மத்தியில் போனான். நான் கேட்டது ஒரே ஒரு நாள் வித்தியாசம். எட்டு மாதம் ஆகிவிட்டது. மீதி நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நான் யோசித்து வைக்கவே இல்லை. நானில்லாமல் இருக்க அவனுக்குத்தான் பயிற்சி கொடுத்தேனே தவிர, அவனில்லாமல் இருக்க எனக்கு யாரும் கொடுக்கவில்லை. ஐந்து மணியானால் இன்னும் பையை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிடுகிறேன். கிளம்பி என்ன செய்ய, வீட்டில் யாருமில்லை.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை, எழுந்திருக்கவும் பிடிக்கவில்லை. இரண்டு நாள் யார் யாரோ மணி அடித்தார்கள். போன் அடித்தது. தட்டினார்கள். யாராக இருந்தாலும் போகட்டும் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். போர்வை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக என் கை இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

மூன்றாம் நாள் காலை டீச்சர் குரல் கேட்டது. "உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். திறங்க." நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். "திட்டினாலும் பரவாயில்ல, இந்தத் தடவை நான் போக மாட்டேன்."

அப்புறம் டீச்சர் குரல் நின்றுவிட்டது. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

டப் டப் டப்.

டப்.

தட்டினால் திறக்க வேண்டும். கைத்தடியைத் தேடி எடுத்து, எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.